நாற்றங்காலும் கிட்டங்கியும்: ஒரு பெயர் மாற்றத்தின் நாட்குறிப்பு

ஜூன் 3, 2024, திங்கள்

சிறு தொழில் தொடங்குவோருக்குக் குறைந்த வாடகையில் இடம் கொடுத்து வளர்த்துவிடும் நம் நிறுவனத்தின் 'தொழில் காப்பகம்' என்ற பெயரை மாற்றுவதென்று இன்றைய நிர்வாகக் குழுக் கூட்டத்தில் முடிவாயிற்று. திண்டுக்கல்லில் காப்பகம் என்றால் முதியோர் இல்லமோ ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லமோதான் மக்களுக்கு நினைவுக்கு வருகிறது. தன் தாயாரைச் சேர்த்துக்கொள்ள இடமிருக்கிறதா என்று கேட்டு ஒருவர் தொலைபேசியில் அழைத்ததை நான் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அவர் குரலைக் கேட்டிருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள்.

தொழில் காப்பகத்துக்கான ஆங்கிலப் பெயரின் கதையும் வேடிக்கையானதுதான். 1959இல் நியூயார்க் மாநிலத்தின் படேவியா ஊரில், மூடப்பட்ட வேளாண் இயந்திரத் தொழிற்சாலை ஒன்றைப் பகுதி பகுதியாகச் சிறு தொழில்களுக்கு வாடகைக்கு விட்டார் ஜோசப் மன்கூசோ. குடிவந்தவற்றுள் ஒன்று கோழிக்குஞ்சு பொரிக்கும் நிறுவனம். அதை வைத்து அவர் வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கிய 'இன்குபேட்டர்' (முட்டைகளை அடைகாக்கும் கருவி) என்ற சொல்லே பிறகு உலகெங்கும் நிலைத்தது. கோழிப்பண்ணைச் சொல்லை நாம் பயபக்தியோடு 'காப்பகம்' ஆக்கிக்கொண்டோம்.

ஜூன் 7, வெள்ளி

சென்னையிலிருந்து வந்த விளம்பர நிறுவனத்தார் மூன்று பெயர்களைத் திரையில் காட்டினார்கள். மூன்றும் ஆங்கிலம், மூன்றின் சின்னத்திலும் மேல்நோக்கிய அம்புக்குறி. கட்டணத்தைக் கேட்டதும் பொருளாளர் மோர் கொண்டுவரச் சொன்னார்.

ஜூன் 12, புதன்

இங்கே வேலை செய்பவர்களையே கேட்டுவிடலாமென்று நாள் முழுவதும் பொதுச் சமையற்கூடத்திலும் தையல் அறையிலும் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் வாயில் நம் பெயர் ஒருபோதும் ஏறியதில்லை என்பது இன்றுதான் உறைத்தது. இந்தக் கட்டடம் முன்பு புகையிலைக் கிட்டங்கியாக, அதாவது கிடங்காக, இருந்ததால், 'கிட்டங்கிக்குப் போய்ட்டு வர்றேன்' என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டு வருகிறார்களாம். சின்னாளபட்டியிலிருந்து வரும் சுங்குடிச் சேலைக்கார அம்மாவின் ரசீதுப் புத்தகத்திலும் முகவரி 'பழைய கிட்டங்கி' என்றே அச்சாகியிருக்கிறது.

எனக்குப் பிடித்த பெயர் 'நாற்றங்கால்'. விதையைத் தெளித்து, நீர் பாய்ச்சி, நாற்று வளர்ந்ததும் பறித்து நடவுக்கு அனுப்பும் இடம்; நாம் செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் வேலையும் அதுவே. மாலையில் அதைச் சொன்னேன். தையல் அறையில் நல்ல வரவேற்பு, ஊறுகாய் போடும் அக்கா மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப எங்களைப் பிடுங்கி விடப்போறீங்களா தம்பி?" என்று கேட்டார்.

ஜூன் 14, வெள்ளி

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அக்கா வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சந்தை வாடகையில் பாதியளவே அவரிடம் வாங்குகிறோம். ஓராண்டில் வெளியேற வேண்டுமென்று தொடக்க ஆவணத்தில் எழுதியிருக்கிறது. அதை யாரும் நடைமுறைப்படுத்தவில்லை, நான் உட்பட. குறுகிய கால நெல் ரகமானால் 20 நாளையொட்டி நாற்றைப் பறித்து நட்டுவிட வேண்டும். முற்றிய நாற்று சரியாகத் தூர் கட்டாது என்பதை விவசாயக் குடும்பத்தில் பிறந்த நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதே சமயம், இடம் கேட்டுக் காத்திருப்போர் பட்டியலில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். பலகையில் எதை எழுதுவது என்ற கேள்விக்கு அடியில், யாரை எப்போது அனுப்புவது என்ற கேள்வியை இவ்வளவு காலம் மறைத்து வைத்திருந்திருக்கிறோம்.

ஜூன் 19, புதன்

ஆடிட்டர் கணக்காகப் பேசினார். நாம் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவான, லாப நோக்கமற்ற நிறுவனம். பதிவுப் பெயரையே மாற்றுவதென்றால் சிறப்புத் தீர்மானம், பதிவாளரின் ஒப்புதல், அதன்பின் பான் அட்டை, வங்கிக் கணக்கு, நன்கொடை வரிவிலக்குப் பதிவு என்று ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். பழைய பெயரையும் இரண்டு ஆண்டுகள் பலகையில் சேர்த்தே காட்ட வேண்டும். ஆகவே பதிவுப் பெயரைத் தொடாமல், புழங்கும் பெயரை மட்டும் மாற்றி, பதிவுப் பெயரைப் பலகையில் கீழே எழுதிவிடலாம் என்றார். இந்த யோசனைக்கு அவர் கட்டணம் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

குழு 'நாற்றங்கால்' என்ற பெயரை ஏற்றது. கிட்டங்கிக்காக இருவர் வாதாடினார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் பொருள் வந்து தங்கும் இடத்தின் பெயரை, ஆள் வளர்ந்து வெளியேற வேண்டிய இடத்துக்கு வைப்பது சரியாகாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். புதிதாக வருவோருக்குப் பதினெட்டு மாதம்; ஏற்கெனவே இருப்போருக்கு வரும் தை வரை அவகாசம்.

ஜூன் 28, வெள்ளி

அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, ஊரில் தம்பியின் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய ஓர் அறையை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். உணவுப் பாதுகாப்புப் பதிவு இடத்தைச் சார்ந்தது என்பதால், அங்கே போனதும் அதை மாற்றியாக வேண்டும் என்றேன். அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு அலமாரியைத் திறந்து, நம் முகவரியோடு போன மாதம் அச்சடித்த 2,000 லேபிள்களைக் காட்டி, "இதை யார் தலையில கட்டுறது?" என்றார். தைக்குள் எத்தனை பாட்டில் போகும் என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 600 லேபிள் மிஞ்சும்போல் இருக்கிறது. அதற்கான செலவை விளம்பர நிறுவனத்துக்கு ஒதுக்கி வைத்திருந்த தொகையிலிருந்து கொடுக்கும்படி பொருளாளருக்குக் குறிப்பு எழுதியிருக்கிறேன்.