எஃப் 10.2-உம் ஒரு நாள் இடைவெளியும்

ஆம்புலன்ஸில் 14 வருட வேலை. குடி எப்போது பழக்கமானது, எப்போது நோயானது என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. இதே வேலையிலோ தீயணைப்பிலோ காவல்துறையிலோ இருந்துகொண்டு, "விட்டுடலாம்தான், எங்க போய் ஆரம்பிக்கிறது?" என்று யோசிப்பவர்களுக்கு நான் முட்டிக்கொண்ட இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் முட்டல் நானே வரவழைத்துக்கொண்டது. லீவு போட்டு வீட்டிலேயே சட்டென்று நிறுத்தினேன். தினமும் மூச்சுமுட்டக் குடிக்கிறவன் திடீரென நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், அடுத்த ஓரிரு நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு இதைப் பாடமெடுத்தவனே நான். 30 மணி நேரம் தாண்டியபோது சமையலறையில் விழுந்தேன். வந்தது எங்கள் வண்டிதான். டிரைவர் அண்ணன் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. தயவுசெய்து தனியாக இருந்துகொண்டு நிறுத்தாதீர்கள். வார்டில் 9 நாள்: நடுக்கத்துக்கு மாத்திரை, தயமின் (வைட்டமின் பி1) ஊசி, தூக்கம். சொல்லப்போனால் அதுதான் சுலபமான பகுதி.

என் குடிக்குக் காரணம் தூக்கமின்மை. தூக்கமின்மைக்குக் காரணம் டூட்டியில் போன ஒரு விபத்து. ரத்தம் என்னை ஒன்றும் செய்வதில்லை. ஸ்ட்ரெச்சரில் வெல்க்ரோ பட்டையைப் பிரிக்கும் சத்தம்தான். வீட்டில் மகள் செருப்பைக் கழற்றினால்கூட வியர்த்துவிடும். இதைச் சொன்னால் மனநலப் பிரிவில், "முதல்ல ஆறு மாசம் குடிக்காம இருந்துட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். போதை மீட்புப் பிரிவிலோ, "கனவு, தூக்கம் எல்லாம் அங்கதான் கேக்கணும்" என்றார்கள். இப்படியே ஐந்து வாரம் பந்தாடினார்கள். தூங்கினால்தானே குடிக்காமல் இருக்க முடியும்? கடைசியில் சிகிச்சை முறைகளை வகுக்கும் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துப் போனேன். போதைப் பழக்கம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக கோரமானதைப் பார்த்த பிறகு மனதில் தங்கிவிடும் அதிர்ச்சி நோய்க்கான (பி.டி.எஸ்.டி.) சிகிச்சையை மறுக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. டாக்டர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த வாரத்துக்குத் தேதி போட்டார். அன்று வெளியே வந்து டீ குடித்தபோது ஏதோ பெரிய வழக்கில் ஜெயித்த மாதிரி இருந்தது.

அதற்கு முன்னால் துறை ஏற்பாடு செய்த கவுன்சிலரிடமும் போயிருந்தேன். நல்ல பெண்தான். மூன்றாவது வாக்கியத்திலேயே முகம் வெளிறி, கண் கலங்கிவிட்டார். தண்ணீர் எடுத்துக் கொடுத்து, "பரவாயில்லம்மா" என்று நான் தேற்ற வேண்டியதாயிற்று. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை, அவரும் தூங்கியிருக்க மாட்டார். முதல் தடவை போகும்போதே கூச்சப்படாமல் கேளுங்கள்: "எங்களை மாதிரி ஆளுங்களை இதுக்கு முன்னாடி பார்த்திருக்கீங்களா?" பிறகு கிடைத்தவர் பார்த்தவர். நடந்ததை வாய்விட்டுச் சொல்ல வைத்து, பதிவுசெய்து, வீட்டில் தினமும் கேட்கச் சொன்னார். முதல் இரண்டு வாரம் அவரைத் திட்டிக்கொண்டே கேட்டேன்.

இனி காகிதம். மறுபடி வேலையில் சேர அலுவலகத்துக்கு நான்கு தடவை நடந்தேன். முதல் நாள், சான்றிதழில் ஓய்வு தேவை என்று இருக்கிறது, பணிக்குத் தகுதி என்று இல்லை. இரண்டாம் தடவை, டிஸ்சார்ஜ் தேதிக்கும் லீவு நீட்டிப்புத் தேதிக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி; அந்த ஒரு நாள் நான் எங்கே இருந்தேன் என்று கேள்வி. மூன்றாம் தடவை போனபோது டாக்டர் அவசரத்தில் முத்திரை போட மறந்திருந்தார். நான்காம் தடவை கிளார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி, "எஃப் 10.2ன்னா என்ன சார்?" என்றார். மதுச் சார்பு நோய்க்கான குறியீடு. பக்கத்து மேசைக்காரர் செல்போனில் தேடிச் சொல்லியும் விட்டார்.

அதோடு விடவில்லை. அதிர்ச்சி நோயைப் பற்றியும் கேட்டார்: "விபத்துல நீங்க அடிபடலையே, அப்புறம் எப்படி இது டூட்டியில வந்த நோயாகும்?" அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு, வேலை நிமித்தமாகக் கோரமானவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்க நேர்பவர்களையும் அதிர்ச்சி நோய்க்கு 2013-லிருந்தே கணக்கில் எடுக்கிறது, உதாரணமாகச் சொல்வதே முதலில் களத்துக்குப் போகும் எங்களைத்தான். இதை டாக்டர் கடிதமாக எழுதிக் கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. எனக்கு முன்பே தெரியாமல் போனது ஒன்று: டாக்டரிடம் இரண்டு காகிதம் கேளுங்கள். அலுவலகத்துக்குத் தேதிகளும் தகுதியும் மட்டும். நோயின் பெயர் உள்ளது மூடிய உறையில், துறை மருத்துவருக்கு.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே இன்னொரு கூத்து. எனக்கு டைசல்ஃபிராம் கொடுத்திருந்தார்கள். அதைச் சாப்பிடும்போது மது துளி பட்டாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். நாங்களோ ஒரு ஷிஃப்டில் முப்பது தடவை கையில் ஆல்கஹால் கலந்த சானிடைசர் தேய்ப்பவர்கள். மூடிய வண்டியில் அந்த நெடியிலேயே முகம் எரிந்து படபடப்பு வந்துவிட்டது. இது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். கல்லீரல் பரிசோதனை செய்து, குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரைக்கு மாற்றினார்கள். அதிலும் ஒன்று இருக்கிறது: அடிபட்டால் மார்ஃபின் மாதிரி வலி மருந்துகள் சரியாக வேலை செய்யாது. பர்ஸில் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன், டிரைவர் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். "சரிடா" என்றார். என்னை வண்டியில் ஏற்றிப் போனதற்குப் பிறகு இதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

அந்த ஒரு நாள் இடைவெளி மட்டும் இன்னும் முடியவில்லை. அதைக் காரணம் காட்டி 11 நாள் சம்பளத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை ராத்திரி டூட்டி முடிந்ததும் நேரே அங்கேதான் போகிறேன்.