மார்க்காரியன் 421ஐ ஒட்டுசுட்டானில் இருந்து ஆராய்ந்த கதை: கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள்

இறுதியாண்டு ஆய்வை ஒப்படைத்தாயிற்று. மனம் இன்னும் ஆறவில்லை. எனக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளாவது நான் இழந்த காலத்தை இழக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்டது மார்க்காரியன் 421. ஏறத்தாழ 40 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள, பிளேசர் என்ற வகை விண்மீன் மண்டலம். அதன் நடுவிலுள்ள கருந்துளையிலிருந்து பீறிடும் தாரை கிட்டத்தட்ட எங்களை நோக்கியே வருகிறது. பால்வீதிக்கு வெளியே இருந்து வரும் டெரா இலத்திரன்வோல்ட் அளவு மிகுஆற்றல் காமாக் கதிரை 1992இல் விப்பிள் தொலைநோக்கி முதன்முதலில் கண்டது இதில்தான். ரேடியோ முதல் காமா வரை எல்லாவற்றையும் ஒரே வரைபில் கொண்டுவர வேண்டும்.

தரவு முழுவதும் இலவசம். நாசாவின் களஞ்சியம் நான் எந்த ஊர் என்று கேட்கவில்லை. கேட்டதெல்லாம் இங்கேதான்.

இந்தத் தரவை ஆராயும் நாசாவின் மென்பொருளான ஹீசொஃப்ட் லினக்ஸில் ஓடுவது, அளவுத்திருத்தக் கோப்புகளோடு பல கிகாபைட் வரும். எங்கள் வீட்டில் சிக்னல் முற்றத்து வேம்பைத் தாண்டினால்தான். அதனால் ஒரு கணினிக்கூடத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டு, மாங்குளத்தில் பஸ் மாறிப் போனேன். "பிள்ளை, இதை நேரே எங்களிட்டத் தர ஏலாது, தலைவர் ஊடாக வரவேணும்" என்றார் லிகிதர். தலைவர் ஊடாகக் கொண்டுபோனால், மென்பொருளுக்கு அனுமதிப்பத்திரம் எங்கே என்றார். இலவச மென்பொருள் என்று விளக்கினேன். "அப்ப அதைச் செய்த ஆக்களிட்ட எழுத்தில வாங்கிக்கொண்டு வாங்கோ." அதற்கும் ஒரு வழி செய்து, நாசாவின் பக்கத்தையே அச்செடுத்துக்கொண்டு திரும்பப் போன அன்று, கையெழுத்து வைப்பவர் கொழும்பில் கூட்டத்துக்குப் போய்விட்டார். கணினிகள் உறை போட்டபடி சும்மா இருந்ததைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு முத்திரைக்காகப் படிக்கிற பிள்ளையைத் திருப்பி அனுப்புவது அநியாயம். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வழி திறந்தது மேற்பார்வையாளர் சொன்ன இரண்டு தளங்களால். ஒன்று சைசேர்வர். இலவசக் கணக்கு, ஹீசொஃப்ட் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறது, களஞ்சியமும் அங்கேயே இணைந்திருக்கிறது. உலாவி திறந்தால் போதும், எதையும் இறக்கத் தேவையில்லை. கரண்ட் போனாலும் கணிப்பு அங்கே ஓடிக்கொண்டிருக்கும். மற்றது, நாசாவின் விண்தொலைநோக்கியான ஸ்விஃப்டின் தரவுக்காக லெஸ்டர் பல்கலைக்கழகம் நடத்தும் தளம். பொருளின் பெயரைக் கொடுத்தால் 0.3 முதல் 10 கிலோ இலத்திரன்வோல்ட் வரையான நிறமாலையைத் தயாரித்தே தருகிறது. போன் டேட்டாவே போதும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அந்த பஸ் பயணங்கள் எல்லாம் மிச்சம்.

இனி வேலைக்குள் இருக்கிற பொறிகள். மார்க்காரியன் 421 மிகப் பிரகாசமானது என்பதால் ஸ்விஃப்ட் அதைப் பெரும்பாலும் வேக வாசிப்பு முறையில்தான் பதிகிறது. அதில் படம் புள்ளியாக வராது, கோடாக வரும். கோப்பு பழுது என்று அழித்துவிடாதீர்கள். புறஊதாப் படத்தில் வேறு தொல்லை: பக்கத்திலேயே 51 உர்சே மஜோரிஸ் என்ற பிரகாசமான நட்சத்திரம் இருக்கிறது. அதன் சிதறொளி படத்தில் சிறகு விரித்ததுபோல் பரவும். வானத்தின் பின்னணி ஒளியை அளக்கும் வட்டத்தை அதன்மேல் வைத்தால் அளவு முழுவதும் பிழைக்கும். தள்ளி, வெறும் வானத்தில் வையுங்கள். நேரக் கணக்கு லேசு: ஸ்விஃப்டும், காமாக் கதிரைப் பார்க்கும் ஃபெர்மி விண்தொலைநோக்கியும் 2001 ஜனவரி 1இலிருந்துதான் செக்கன்களை எண்ணுகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை இது. தொகுப்புத் தளங்களில் ஆயத்தமான வரைபு கிடைக்கும், அழகாகவும் இருக்கும். ஆனால் 1990களின் எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோளான ரோசாட்டின் புள்ளியும் பிந்திய ஆண்டுகளின் ஒளியியல் புள்ளியும் ஒரே கோட்டில் கிடக்கும். இந்தப் பிளேசரின் எக்ஸ் கதிர் சில மணி நேரத்திலேயே இரட்டிப்பாகக்கூடியது. வெவ்வேறு ஆண்டுகளை ஒட்டவைத்து மாதிரி பொருத்தினால் அது எந்த நாளின் பிளேசரும் அல்ல. ஸ்விஃப்டின் எக்ஸ் கதிர், புறஊதாத் தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் ஒரே பொருளைப் பார்ப்பவை. அவற்றை அச்சாக வைத்து, ஃபெர்மியின் வார சராசரியில் அதே வாரத்தை எடுத்தேன். ரேடியோவில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், அது தாரையின் வேறு, பெரிய பகுதியிலிருந்து வருவது.

சாதாரண அடுக்கு விதி, அதாவது மடக்கை வரைபில் நேர்கோடாக வரும் மாதிரி, எக்ஸ் கதிர்த் தரவுக்குப் பொருந்தவே இல்லை. தரவுக்கும் மாதிரிக்கும் உள்ள வித்தியாசமான எச்சம் இரு முனையிலும் வளைந்து நின்றது. பால்வீதியின் ஐதரசன் உறிஞ்சலை நிலையாக வைத்து, அந்தக் கோட்டை வளைய விடும் மடக்கைப் பரவளைவைப் போட்டதும் எச்சம் பூச்சியத்தைச் சுற்றிப் படுத்தது. காந்தப்புலத்தில் சுழலும் இலத்திரன்கள் விடும் ஒத்தியக்கக் கதிர்வீச்சின் மேடு எக்ஸ் கதிரிலும், இலத்திரன்கள் ஒளியோடு மோதி அதன் ஆற்றலைக் கூட்டும் நேர்மாறு கொம்ப்டனின் மேடு காமாவிலும் தெளிவாக எழும்பின. அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

அடுத்ததாக என்ஜிசி 4151ஐ எடுக்கப்போகிறவர்களுக்கு ஒரு சொல்: அது பிளேசர் அல்ல, தாரை எங்களை நோக்கி வராத சைஃபர்ட் வகை விண்மீன் மண்டலம். கருந்துளையைச் சுற்றியுள்ள வாயுவே மென் எக்ஸ் கதிரை விழுங்குகிறது, அதுவும் காலத்துக்குக் காலம் மாறுகிறது. பால்வீதியின் உறிஞ்சலை மட்டும் வைத்துப் பொருத்தத் தொடங்காதீர்கள்.