வௌவால்களின் கொடுக்கல் வாங்கல்

ரத்தம் குடிக்கும் வௌவாலுக்கு இரண்டு மூன்று இரவுகள் இரை கிடைக்காவிட்டால் சாவுதான். அதனால் பட்டினியோடு திரும்பும் ஒன்றுக்கு, வயிறு நிறைந்த இன்னொன்று குடித்த ரத்தத்தைக் கக்கி ஊட்டுகிறது. உயிரியல் ஆய்வாளர் ஜெரால்ட் வில்கின்சன் 1984இல் இதை எழுதினார். சொந்தத்துக்குச் செய்வது புரிகிறது. உறவு பிழைத்தால் தன் மரபணுவும் பிழைக்கும் என்று 1964இலேயே உயிரியலாளர் ஹாமில்டன் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். சரி, சொந்தமே இல்லாததுக்கு ஏன்? உறவைவிட, முன்பு தனக்கு ஊட்டியதா என்பதே பெரிய காரணம் என்று 2013இல் வந்த ஆய்வு சொன்னது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2020இல் வந்த சோதனை. அறிமுகமில்லாத வௌவால்களை ஒன்றாக விட்டுப் பார்த்தார்கள். எடுத்தவுடன் ரத்தம் தரவில்லை. முதலில் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்தன. அதிகம் செலவில்லாத உதவி! அப்புறம்தான் சில ஜோடிகளுக்குள் ஊட்டல் தொடங்கியது. புது ஆபீஸில் நாமும் முதலில் பேனாதானே இரவல் கொடுக்கிறோம்?

ஒரு வித்தியாசம், வௌவாலுக்கு வம்பு பேசத் தெரியாது. நமக்கோ, நேரில் பார்க்காத ஆள்கூட வாங்கினால் திருப்பித் தருவாரா மாட்டாரா என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.