கேட்ல வரைஞ்ச கேட்

நான் பொழப்புக்கு கேட் டிராயிங் போடுறவன். கேட்னா ஆட்டோகேட், கம்ப்யூட்டர்ல டிராயிங் போடுற சாஃப்ட்வேர். சொந்தக்காரங்க கிட்ட "கேட் வரையுறேன்"னு சொல்லிச் சொல்லி, பாதிப் பேரு நான் ஏதோ வெல்டிங் பட்டறைல இரும்பு கேட் செய்யறேன்னே நம்பிட்டு இருந்தாங்க. கல்யாணத்துல ஒரு பெரியப்பா "நம்ம வீட்டு கேட் தாழ்ப்பா மாட்ட மாட்டேங்குது, வந்து பாருப்பா"ன்னு கூட கேட்டிருக்காரு. போன மாசம் நிஜமாவே ஒரு கேட் வேலை வந்துச்சு, பெரியப்பா வாக்கு பலிச்சிருச்சு.

சென்னை கொளத்தூர்ல கலர் மீன் கடைங்க இருக்கே, அங்கேர்ந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு ரிட்டயர்டு சார் வீடு. 12 அடி வாசல், ரெண்டு கதவு, 3 எம்எம் ஷீட்ல லேசர் கட்டிங். கதவுக்கு ஒரு மயில், ரெண்டு மயிலும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கணும், தலைக்கு மேல ஆளுக்கொரு ஓம். பக்கத்துல பாடி ஏரியால இருக்குற வெல்டர் அண்ணன்தான் வேலைய புடிச்சுக் குடுத்தாரு. "தம்பி, காலைல அம்பத்தூர் எஸ்டேட்ல கட்டிங்குக்கு குடுக்கணும், நைட்டே முடிச்சிரு"ன்னுட்டு போனை வெச்சிட்டாரு, அவருக்கு என்ன, வரையறது நான்தானே.

தோகை வரையறது சாதாரண விஷயம் இல்லங்க. ஒவ்வொரு கண்ணா வரைஞ்சு இடது கதவு முடியவே மணி பதினொன்னரை, கரண்ட் வேற ரெண்டு வாட்டி போய் வந்துச்சு. வலது கதவ எவன் வரைவான், கண்ணாடில தெரியற மாதிரி திருப்பிப் போட மிரர்னு ஒரு கமாண்ட் எதுக்கு இருக்கு? அதோட சுருக்கம் எம்ஐ, அத அடிச்சு என்டர், எல்லாத்தையும் செலக்ட் பண்ணி, கோடு கோணாம நேரா நிக்க எஃப்8 தட்டி ஆர்த்தோ போட்டு, நட்ட நடுவுல மேல ஒரு பாயின்ட் கீழ ஒரு பாயின்ட் கிளிக், பழைய படத்த அழிக்கவான்னு கேக்கும், நோ தான் அதுவே வெச்சிருக்கும், இன்னொரு என்டர், அவ்ளோதான். மூணு மணி நேர வேலை மூணு செகண்ட்ல. (ஒரு தடவ தூக்கக் கலக்கத்துல அந்தக் கேள்விக்கு எஸ் குடுத்துட்டு, ஒரிஜினல் எங்கடா போச்சுன்னு பத்து நிமிஷம் தேடினது தனிக் கதை.)

எழுத்தும் சேந்து திரும்பிடாதான்னு நீங்க கேக்கலாம். அங்கதான் எனக்கு திமிரு. மிர்டெக்ஸ்ட்னு ஒரு செட்டிங் இருக்கு, அது 0ல இருந்தா படம் மட்டும் திரும்பும், எழுத்து படிக்கிற மாதிரியே நிக்கும், 1 வெச்சாதான் எழுத்தும் திரும்பும். என் சிஸ்டம்ல 0. செக் பண்ணிட்டுதான் படுத்தேன், சத்தியமா.

ஆனா அந்த நேரத்துல ஓம் எழுத்தாவே இல்ல. பாமினிங்கற தமிழ் ஃபான்ட்ல அடிச்சது, பாமினி இல்லாத கம்ப்யூட்டர்ல தொறந்தா ஓம் போய் இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனுமா நிக்கும், அதனால கட்டிங்குக்கு அனுப்புறதுக்கு முன்னாடி எழுத்த உடைச்சு வெறும் கோடா மாத்திடறது வழக்கம். அத சாயங்காலமே பண்ணிட்டேன். ஓ-வோட சுழிக்குள்ள இருக்குற துண்டு வெட்டினதும் கழண்டு விழுந்துடாம இருக்க ரெண்டு குட்டிப் பாலம் கூட வெச்சேன், அவ்ளோ அக்கறை. நமக்குத்தான் அது ஓம், ஆட்டோகேடுக்கு அதுவும் ஒரு மயிலிறகுதான். திருப்புன்னா திருப்பிருச்சு.

கட்டிங் ஆகி வந்தப்பவும் யாரும் கண்டுபுடிக்கல. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ரெண்டும் ஓட்டையா வெட்டுற ஷீட்டு, ஒரு பக்கம் பாத்தா நேரா இருக்கும், பின்னாடி போய் பாத்தா திரும்பி இருக்கும், வெல்டர் அண்ணன் இது பின்பக்கம் போலன்னு நெனச்சு ஃப்ரேம்ல வெச்சு மாட்டிட்டாரு.

ஞாயித்துக்கிழமை காலைல கேட்ட தூக்கி நிறுத்தி, பூசணிக்கா சுத்தி, கற்பூரம் ஏத்திட்டு, எல்லாரும் எதிர் வீட்டு காம்பவுண்டு ஓரமா நின்னு அழகு பாக்குறோம். யூகேஜி படிக்கிற பேத்தி மட்டும் தலைய சாச்சு சாச்சு பாத்துட்டு "தாத்தா, அந்த ஓம் தப்பு, எங்க மிஸ் ராங் போடுவாங்க"ன்னுச்சு. எனக்கு வயித்துக்குள்ள ஜில்லுனு ஆச்சு. பக்கத்து வீட்டுக்காரர் வேற, "ஆம்புலன்ஸ் முன்னாடி எழுதிருப்பாங்களே அந்த மாதிரி, கார் கண்ணாடில பாத்தா கரெக்டா தெரியும் சார்"னு என்னைக் காப்பாத்தப் பாத்தாரு, பாவம்.

சார் கோவப்படல, அதுதான் இன்னும் பயம். "சரி தம்பி, வலது கதவுல மட்டும்தானே, சரி பண்ணிக் குடுங்க"ன்னாரு. உள்ள போர்ட்டிகோல ஈஸி சேர்ல சாரோட அம்மா, பாட்டிக்கு எண்பத்தஞ்சு வயசு இருக்கும், அவங்களும் "ஆமாண்டா, நானும் அப்பலேர்ந்து பாக்குறேன், வலது கதவுலதான் கோணலா இருக்கு"ன்னாங்க. அம்மாவும் புள்ளையும் ஒரே மாதிரி சொல்லிட்டாங்க, வெல்டர் அண்ணன் கிரைண்டர் பிளக்கு உள்ள இருக்குன்னு உள்ள போனாரு, பாட்டி கை காட்டின கதவுல சாக்பீஸால வட்டமும் போட்டாச்சு. அப்புறம்தான் எனக்கு ஒறைச்சது. உள்ள இருந்து பாத்தா வலது வேற கதவு! வெளில நேரா இருக்குற ஓம் பாட்டிக்கு திரும்பித்தான் தெரியும். "அண்ணே நிறுத்துங்க"ன்னு நான் கத்தின கத்துல தெருநாய் எந்திரிச்சு ஓடிருச்சு.

அப்புறம் அண்ணன் ஒரு ஐடியா குடுத்தாரு. "ஷீட்ட கழட்டி பின்பக்கம் முன்னாடி வர மாதிரி திருப்பி மாட்டிட்டா போச்சு." கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அம்பது கிலோ ஷீட்டாச்சே, எதுக்கும் பாத்துக்கலாம்னு டிராயிங் பிரிண்ட்ட வெயில்ல புடிச்சு திருப்பிப் பாத்தேன். ஓம் நேராயிடுச்சு, ஆனா மயிலும் கூடவே திரும்பி, வலது மயில் பக்கத்து வீட்ட பாக்குது, இடது மயில் அது முதுக பாத்துட்டு நிக்குது. ஓம் சரியானா மயிலு கோச்சுக்குது, மயிலு சேந்தா ஓம் கோணுது. சார் அந்தப் பேப்பர ஒரு நிமிஷம் பாத்தாரு. "சண்ட போட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி இருக்கு, வேணாம்"னுட்டாரு.

கடைசில பண்ணது இதுதான். ஓம் மட்டும் சுத்தி வட்டமா கிரைண்டர்ல அறுத்து, அந்தத் தட்ட அப்படியே இட்லி திருப்புற மாதிரி திருப்பி, அதே ஓட்டைல வெச்சு வெல்டிங். வட்டம்ங்கறதால எப்படித் திருப்பினாலும் உக்காந்துருச்சு, சதுரமா இருந்தாலும் உக்காந்திருக்கும், ஆனா வட்டம்னு சொன்னது நான்தான்னு நாலு பேருக்கு கேக்குற மாதிரி சொல்லிக்கிட்டேன். வெல்டிங் தடம் ஒரு வளையம் மாதிரி தெரிஞ்சுது, ஜோடி இல்லாம இருக்கேன்னு இடது கதவுலயும் சும்மாவே ஒரு வளையம் வெல்டிங் வெச்சு ஓட்டினாரு அண்ணன். ராடு காசு என் கணக்கு.

மத்தியானம் ரெண்டு மணி. மறுபடி எதிர் வீட்டு ஓரமா போய் நின்னோம். ரெண்டு மயிலும் ஒண்ண ஒண்ணு பாக்குது, ரெண்டு ஓமும் நேரா இருக்கு, பேத்தி கூட தம்ஸ் அப் காட்டிருச்சு. சார் உள்ள கைய விட்டு பர்ஸ் எடுக்குறாரு.

போர்ட்டிகோலேர்ந்து பாட்டி குரல்: "என்னடா பண்ணி வெச்சிருக்கீங்க? முன்னாடி ஒண்ணுதான் கோணலா இருந்துச்சு, இப்ப ரெண்டுமே கோணிக்கிச்சு!"

சார் என்னைப் பாத்தாரு, நான் வெல்டர் அண்ணனைப் பாத்தேன், அண்ணன் அதுக்குள்ள வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு.