மழைக்காலத்தில் மஞ்சோங் கரை: 40 வெள்ளி வேனும் ஆயர் தாவார் மீன் குழம்பும்

பேராக்கின் மஞ்சோங் கரைக்கு எதிரே இருக்கும் பங்கோர் தீவில், படகுத்துறையை விட்டு வெளியே வந்தவுடன் ஒரு வேன்காரர் எங்களை மறித்து, டச்சுக் கோட்டைக்கு 40 வெள்ளி (ரிங்கிட்) என்றார். தெற்கே கடலோரமாக நடந்தே போய்விடக்கூடிய தூரம். ஏன் இந்த விலை என்று மலாயில் கேட்டேன். பதில் சொல்லாமல் விரலை நீட்டி வானத்தைக் காட்டினார். மழைக்கு அவர் போட்ட வரி அது. 25 என்றேன். சிரித்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு கைப்பேசியை எடுத்துவிட்டார். இந்த மழையில் இவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள் என்கிற அலட்சியம். அந்தச் சிரிப்புக்காகவே நடந்தோம்.

வழி, தங்குமிடம், செலவு என்று வரிசையாக எழுதித் தருவதாக அலுவலக நண்பர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வரிசை வருகிற இடத்தில் வரட்டும். கோபம் ஆறுவதற்குள் எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

முதலில் தங்குமிடம். பங்கோரில் தங்காதீர்கள். தீபாவளி விடுமுறையில் கடற்கரை விடுதிகள் கேட்கும் வாடகையில் ஒரு குடும்பத்துக்குப் புதுத் துணி எடுத்துவிடலாம். தீவுக்கு எதிரே பெருநிலத்திலேயே, சித்தியவான் நகருக்கு அருகில் ஆயர் தாவார் இருக்கிறது. சீனர் கடை வரிசை, ஒரு சந்தை, சுற்றிலும் செம்பனைத் தோட்டம். சுற்றுலாப் பயணி என்று ஒருவரையும் பார்க்க முடியாத ஊர் என்பதால் விலையெல்லாம் ஊர்க்காரர் விலையாகவே இருக்கிறது. எனக்கு அங்கே மாமா வீடு இருப்பது தனி அதிர்ஷ்டம். இல்லாதவர்கள் சித்தியவானில் மலிவு விடுதி பார்த்துக்கொள்ளலாம்.

கிள்ளானில் இருந்து வந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. டிக்கெட்டில் சொகுசுப் பஸ் என்று அச்சிட்டிருந்தது. என் இருக்கைக்கு நேர் மேலே குளிர்சாதனத் துவாரத்தில் இருந்து தண்ணீர் சொட்டியது. முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு நூல் பிடித்த மாதிரி. நடத்துநர் வந்து பார்த்து, ஒரு பழைய செய்தித்தாளை நான்காக மடித்துத் துவாரத்தில் செருகிவிட்டுப் போனார். செய்தித்தாள் ஊறி என் மடியில் விழுந்தபோது பாதி வழிகூடக் கடந்திருக்கவில்லை. வெளியே அடைமழை, உள்ளே தூறல். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, கவுண்டரில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன். வராது என்று எனக்கும் தெரியும், வாங்கிக்கொண்ட பெண்ணுக்கும் தெரியும்.

மழையை முன்கூட்டியே எதிர்பார்த்துத்தான் போனேன். கிழக்குக் கரைக்குத்தான் மழைக்காலம், மேற்குக் கரையில் எப்போதும் வெயில் என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். அக்டோபர், நவம்பரில் ஒருமுறை பேராக் கரைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பருவக்காற்று மாறும் அந்த மாதங்களில் பிற்பகல் ஆனால் இடி மின்னலோடு கொட்டுகிறது. சில நாட்களில் சுமத்திராப் பக்கம் இரவில் திரண்ட மேகக்கூட்டம் நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் காற்றோடு வந்து இறங்கும். மாமா வீட்டுத் தகரக் கூரையில் அது இறங்கிய விடியலில், என்னோடு சுற்றிய தம்பி கட்டிலை விட்டே குதித்துவிட்டான்.

மாமாவுக்கு மழை பிடிக்காது. ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக் காலத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய் நின்றவர் அவர். மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டிய வரியை விட்டு வழிந்து வீணாகும். வெட்ட முடியாது, அன்றைய சம்பளமும் இல்லை. தோட்டம் செம்பனைக்கு மாறி, அவரும் ஓய்வு பெற்று எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் காலையில் எழுந்ததும் வாசலுக்குப் போய் வானத்தை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் பசியாற உட்காருகிறார். “மழையைப் பார்க்கக் காசு செலவழித்து வந்த ஒரே ஆள் நீதான்” என்றார் என்னிடம். அத்தை வைத்த கோப்பியும் வெங்காயச் சம்பலோடு அவித்த மரவள்ளிக் கிழங்கும் வாய் நிறைய இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை.

இனி பங்கோர். தீவுக்குப் படகு ஏறும் ஊரான லூமுட்டில் காரை நிறுத்த நாள் வாடகை கேட்பார்கள், அதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். படகு முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கும். அவசரப்பட்டு எழுந்துவிடாதீர்கள், பங்கோர் நகரம் அடுத்த நிறுத்தம். அங்கே இறங்கித்தான் 40 வெள்ளி மனிதரைச் சந்தித்தோம்.

நடந்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வேனில் போயிருந்தால் அந்தச் சாலையின் வாசம் தெரிந்திருக்காது. நெத்திலிக் கருவாடு, டீசல், ஈர மரம் மூன்றும் கலந்த வாசம். கடைவாசலில் ஓர் அம்மாள் நெத்திலியை முறத்தில் பரப்பி, தலையைக் கிள்ளிக் கிள்ளி ஒரு வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். விரலைப் பார்க்கவே இல்லை. கண் முழுவதும் தொலைக்காட்சித் தொடரில். கால் கிலோ வாங்கினோம். தம்பி மீன் சாத்தே என்று விற்கும் தட்டையான காய்ந்த மீன் துண்டுகளை ஒரு பை வாங்கி, கோட்டை வருவதற்குள் தீர்த்துவிட்டான்.

கோட்டைக்குக் கூரை கிடையாது. செங்கல் சுவர் நான்கு பக்கமும் நிற்க, நடுவில் புல்தரையில் மழை நேராகக் கொட்டுகிறது. பேராக்கின் வெள்ளீயத்தைச் சேர்த்துவைக்க 1670இல் டச்சுக்காரர்கள் கட்டியது. 1690இல் உள்ளூர்க்காரர்கள் தாக்கி விரட்டினார்கள்; 1743இல் திரும்பி வந்து புதுப்பித்தார்கள்; 1748இல் விட்டுவிட்டே போனார்கள். அவ்வளவு ஆசைப்பட்டு வந்தவர்களையே இந்தக் கரை துரத்திவிட்டது. பக்கத்தில் ஒரு பெரிய பாறை. அதில் 1743 என்ற ஆண்டும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை எழுத்துகளும் குழந்தையைப் புலி கவ்விக்கொண்டு போவது போன்ற உருவமும் செதுக்கியிருக்கிறார்கள். காணாமற்போன ஒரு டச்சுக் குழந்தையைப் புலி கொண்டுபோன கதை என்கிறார்கள். நனைந்த பாறையில் கோடுகள் கறுத்து எடுப்பாகத் தெரிந்தன. வெயில் நாளில் வந்து படம் எடுத்தவர்களின் படங்களைப் பார்த்தேன், இவ்வளவு தெளிவு இல்லை. மழைக்கு ஒரு மதிப்பெண்.

ஈயத்துக்கு டச்சுக்காரர்கள் என்றால், மற்ற எல்லாவற்றுக்கும் ஆங்கிலேயர்கள். 1874 ஜனவரி 20ஆம் தேதி பங்கோர் ஒப்பந்தம் இந்தத் தீவுக் கடலில் நின்ற கப்பலில்தான் கையெழுத்தானது. பேராக் சுல்தானுக்குப் பக்கத்தில் ஆங்கிலேய ரெசிடென்ட் (ஆலோசகர்) ஒருவர் வந்து உட்கார்ந்தார். முதலில் வந்த பர்ச்சை அடுத்த ஆண்டே பாசிர் சாலாக்கில் கொன்றுவிட்டார்கள் என்றாலும், உட்கார்ந்த நாற்காலி காலியாகவில்லை. அதே ஒப்பந்தத்தில் பங்கோரும் எதிர்க்கரையும் டிண்டிங்ஸ் என்ற பெயரில் ஆங்கிலேயர் கைக்குப் போயின. பேராக்குக்குத் திரும்பக் கிடைத்தது 1935இல். பிறகு சாலை, பிறகு ரப்பர், பிறகு ரப்பருக்கு நம் ஆட்கள். மாமாவின் அப்பா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியதற்குக் காரணம் தேடிப் போனால் இந்தக் கடலில் வந்துதான் முட்டும். பள்ளியில் இந்த ஒப்பந்தத்தைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது இப்படி யாரும் சொல்லித்தரவில்லை.

கடலைப் பார்த்து நிற்கும் பத்திரகாளியம்மன் கோயிலுக்கும் போனோம். மாசி மகத்துக்கு இந்தக் கோயிலில் கூடும் கூட்டம் ஊரறிந்தது. நாங்கள் போன நேரம் வாசலில் இரண்டு பூனைகள் மட்டும்.

நடைப்பயணம் என்றால் என் ஓட்டு புக்கிட் பத்து உண்டானுக்கு. லூமுட் பக்கம், தெலுக் பாத்திக் கடற்கரைக்கு அருகில் இருக்கும் குன்று. உயரம் ஒன்றும் பிரமாதமில்லை. மழைக்குப் பின் ஏறும்போதுதான் அதன் குணம் தெரியும். செம்மண் குழைந்து சோப்பாக வழுக்க, வேரைப் பிடித்தால் வேரும் வழுக்குகிறது. காலணியின் கண்ணி வழியாக அட்டை நுழைந்துவிடும், கணுக்காலில் ஜில்லென்று உணரும்போது அது குடித்து முடித்திருக்கும். அத்தை கொடுத்துவிட்ட உப்புப் பொட்டலம் உண்மையிலேயே உதவியது. தம்பி பாதி வழியில் உட்கார்ந்து, “அண்ணா, நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் உங்கள் பையைப் பார்த்துக்கொள்கிறேன்” என்றான். பை என் முதுகில் இருந்தது.

உச்சிப் பாறையில் நாங்கள் நின்றபோது மேகம் பிளந்தது. பங்கோர் மொத்தமும் கரும்பச்சையாக எதிரே எழுந்து நின்றது. அதற்கும் நமக்கும் நடுவே கடலில் மூன்று வேறு நிறங்கள்: ஆறு கொண்டுவந்த பழுப்பு, நடுவில் சாம்பல், தீவோரம் பச்சை. ஒரு மழைத்தாரை தெற்கில் இருந்து தனியாக நகர்ந்து வந்து ஒரு மீன்பிடிப் படகை மூடி, அப்படியே விட்டுவிட்டு நகர்ந்தது. கீழே தெலுக் ருபியாவில் பிரேசிலில் இருந்து வரும் இரும்புத் தாதுவை இறக்கும் துறைமுகம். 2014இல் இயங்கத் தொடங்கியது. 4,00,000 டன் சுமக்கும் கப்பல்கள் வந்து அணையும் இடம். கரையில் தாது மலை மலையாகக் குவிந்திருக்கிறது. அழகு கெட்டுவிட்டது என்று அங்கலாய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் பிரம்மாண்டமும் பிடித்திருந்தது, சண்டைக்கு வராதீர்கள்.

வடக்கே பந்தாய் ரெமிஸ் வரை மாமாவின் பழைய புரோட்டோன் சாகாவில் போனோம். துடைப்பான் ஒரு பக்கம் மட்டுமே வேலை செய்தது, நல்லவேளை அது ஓட்டுநர் பக்கம். வழியில் செகாரி பாசிர் பாஞ்சாங், பேராக் கரையில் ஆமைகள் முட்டையிட வரும் கடற்கரை; மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு மையம் அங்கே இருக்கிறது. தொட்டிகளில் ஆமைகளைப் பார்த்துவிட்டு வந்தோம். குழந்தைகளை அழைத்துப் போகலாம்.

பந்தாய் ரெமிஸ் என்றால் எனக்கு நினைவில் வருவது 1993 அக்டோபர் 21. கடலோரத்தில் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குழி ஒன்று. அதற்கும் கடலுக்கும் நடுவே இருந்த மண் சரிந்துகொண்டே வர, கடைசியில் கடலே உள்ளே புகுந்துவிட்டது. யாரோ நின்று எடுத்த காணொளி இணையத்தில் இருக்கிறது. மரங்கள் நின்றபடியே நகர்ந்து போகின்றன. இப்போது வரைபடத்தில் அந்த இடம் வட்டமான ஒரு குடா. அருகே போகும் மண்பாதை குளமாக நின்றதால் மாமா காரை நிறுத்திவிட்டார். “நிலம் எனக்குச் சொந்தம் என்று தோண்டினார்கள், கடல் எனக்கு என்று எடுத்துக்கொண்டது” என்றார். அந்த ஊரின் கடலுணவுக் கடைகள் பேர்போனவை. இறால் விலையைக் கேட்டுவிட்டு, ஒரு தே ஓ (பாலில்லாத் தேநீர்) குடித்துவிட்டு வந்தோம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். சித்தியவானில் கொம்பியா சாப்பிடாமல் திரும்பினால் போனதாகவே கணக்கில்லை. 1903இல் இங்கே குடியேறிய ஃபூச்சோவ் சீனர்களின் பண்டம். மாவை உள்ளங்கை அளவு தட்டி, மண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடுகிறார்கள். சூட்டோடு கடித்தால் மேல் ஓடு நொறுங்கி உள்ளே வெங்காயமும் உப்பும் ஆவியோடு வரும். ஆறினால் கல். பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு, வேண்டாதவர்கள் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் முதல் பரிசு ஆயர் தாவாரில் ஓர் ஒட்டுக்கடைக்கு. பெயர்ப் பலகை இல்லை, தார்ப்பாய்க் கூரை, மழை பெய்தால் மேசையை நடுவுக்கு இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். பாட்டி ஒருவர் கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனைப் புளியும் மாங்காயும் போட்டு மண்சட்டியில் குழம்பு வைக்கிறார். முதல் நாள் வைத்த குழம்பா என்று கேட்டேன். “பிறகு? இன்றைக்கு வைத்ததை இன்றைக்கே தின்ன அது என்ன சூப்பா?” என்று அதட்டினார். எண்ணெய் ஓரம் ஒதுங்கி, மாங்காய்த் துண்டு கரைகிற பதத்தில், மீன் மட்டும் உடையாமல் இருந்தது. சோறு, குழம்பு, பொரித்த நெத்திலி, பயற்றங்காய் எல்லாம் சேர்த்து 8 வெள்ளி. அந்த விலையில் பங்கோர் கடற்கரையில் வெறும் இளநீரும் பாதிச் சிரிப்பும்தான் கிடைக்கும். அடுத்த நாளும் போனேன். அதற்கு அடுத்த நாள் பாட்டி பேரன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கடை மூடிக் கிடந்தது. அன்று எனக்கு வேறெதுவும் இறங்கவில்லை.

செலவு. பஸ், படகு, பெட்ரோல், கார் நிறுத்தம், சாப்பாடு எல்லாம் சேர்த்தும், பங்கோரில் இரண்டு இரவு தங்குவதற்கு ஒரு விடுதி சொன்ன தொகையைத் தொடவில்லை. பெட்ரோல் காசை மாமா வாங்க மறுத்துவிட்டார், அத்தையின் மாவு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்; பஸ் ஏறியதும் கைப்பேசியில் திட்டு வந்தது. மாற்று உடை கூடுதலாக எடுத்துப் போங்கள், அங்கே எதுவும் காய்வதில்லை. குடை வீண், காற்று திருப்பிவிடும், மழைச்சட்டைதான் சரி. உப்புப் பொட்டலத்தை மறக்காதீர்கள். மாசி மகத்துக்குப் போகிற எண்ணம் இருந்தால் அறையை இப்போதே பிடித்துவிடுங்கள். மாமா வீட்டு முகவரி கேட்டு யாரும் எனக்கு எழுத வேண்டாம், முன்னறையில் எனக்கே பாய் போட்டுத்தான் இடம்.