காலி உறைகளின் கணக்கு

மார்ச் 2

சுடுதளத்திலிருந்து காலித் தோட்டா உறைகளைப் பொறுக்கி வந்தாயிற்று, வீட்டில் மறுபடி நிரப்பத்தான். தோட்டாவில் இருப்பது நாலே சாமான்: பித்தளை உறை, அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், வெடிமருந்து, குண்டு. சுட்டதும் மூன்று போய்விடுகிறது, உறை மட்டும் கையில் நிற்கிறது. நாலில் விலை கூடியதும் பெரும்பாலும் அதுதான். வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்கள் மிச்சம் பிடிப்பதெல்லாம் அந்த உறையில்தான். இதற்குச் சட்டம் இடம் தர வேண்டும், உரிமம் இருக்க வேண்டும் என்பது தனி.

9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டா மாதிரி எங்கும் மலிவாகக் கிடைக்கும் ரகத்தில் பெரிய லாபம் இல்லை. பெரிய ரைஃபிள் தோட்டா, கடைகளில் அரிதாகிவிட்ட பழைய ரகம் என்றால் பேச்சே வேறு. .22 ரிம்ஃபயரைத் தொடவே வேண்டாம். அதில் பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்புக்குள்ளேயே இருக்கிறது, தனி பிரைமர் கிடையாது.

மார்ச் 3

இரவு உட்கார்ந்து உறைகளைப் பிரித்தேன். வாய்ப்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் நடுவே ஒற்றைத் துளை தெரியும். அது பாக்ஸர் வகை பிரைமருக்கானது, வைத்துக்கொள்ளலாம். இரண்டு சின்னத் துளை தெரிந்தால் பெர்டான். அதில் பழைய பிரைமரைத் தள்ளி எடுப்பதே பெரும்பாடு, அதனால் நேரே பழைய பித்தளைக்கு. இவற்றை உருவாக்கியவர்களின் பெயர்கள்தான் அவை: பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் அமெரிக்காவில் நிலைத்ததோ பாக்ஸர் வகை!

மார்ச் 9

சுத்தம் செய்யும் வேலை. சோளத்தக்கைத் தூளோடு உறைகளைப் போட்டு அதிரவைக்கும் டம்ளர் என்ற இயந்திரம் இருக்கிறது, பளபளவென்று வரும். அந்தத் தூசியில் பிரைமர் கரியோடு ஈயமும் கலந்திருக்கும் என்பதைப் பலர் கண்டுகொள்வதில்லை. டம்ளரை வீட்டுக்கு வெளியே வைத்துத்தான் ஓட்டுகிறேன். சமையலறைத் தொட்டியில் உறைகளை அலசவே கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைப்பதில்லை.

மார்ச் 16

இன்று முழுக்கச் சோதனைதான். எனக்குப் பிடித்த கட்டமும் இதுதான்.

இந்தப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுடும்போது உறை உப்பி, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, டை என்ற அளவு அச்சில் விட்டு, பிரஸ் என்ற நெம்புகருவியால் அழுத்தினால் பழைய அளவுக்கு வருகிறது. இப்படி உப்பி உப்பிச் சுருங்குவதில் பித்தளை விறைத்துப்போகும், கழுத்தில் கீறல் விழும். அதுவாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத இடம் ஒன்று உண்டு. ரைஃபிள் உறை ஒவ்வொரு தடவையும் நீளவாட்டில் இழுபடுவதால், அடிக்குச் சற்று மேலே உள்சுவர் வளையமாக மெலியும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை லேசாக வளைத்து, உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. ஓரிடத்தில் நகம் மாட்டுவதுபோல் தட்டினால் அங்கே பள்ளம் விழுந்துவிட்டது. அடுத்த சூட்டில் உறை இரண்டாகப் பிரியலாம். தட்டியவற்றை இடுக்கியால் நசுக்கிவிட்டுத்தான் குப்பையில் போட்டேன். முழுசாகக் கிடந்தால் யாராவது நல்லதென்று எடுத்துவிடுவார்கள்.

அழுத்தம் குறைந்த கைத்துப்பாக்கி உறைகளுக்கு ஆயுசு கெட்டி.

மார்ச் 17

உறைக்கு மசகு தடவல், டையில் அளவுக்குக் கொண்டுவரல், வாய் விளிம்புச் சீவல். அலுப்பான வேலை, எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 23

மருந்து போடும் நாள். செல்போன் அடுத்த அறையில். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா, இரண்டாவது வந்தால் குழப்பம்தான். எடை கிரெயின் கணக்கில். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், அதாவது ஒரு கிரெயின் 65 மில்லிகிராம்கூட முழுசாக இல்லை. தராசைச் சோதனை எடைக்கல் வைத்துப் பார்க்காமல் தொடங்குவதில்லை. அளவு, மருந்துக் கம்பெனி வெளியிட்ட கையேட்டில் உள்ளதுதான், அதிலும் தொடக்க அளவிலிருந்துதான். சுடுதளத்தில் யாரோ வாய்மொழியாகச் சொன்ன அளவு எனக்குச் செல்லாது.

இரட்டை மருந்து விழுந்தால் துப்பாக்கியே பிளக்கலாம். மருந்தே விழாவிட்டாலும் ஆபத்துதான். பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் பாதி வழி தள்ளி நிறுத்திவிடும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் போச்சு. அதனால் உறைகளைத் தட்டில் வரிசையாக நிற்க வைத்து, குண்டு பொருத்துமுன் மேலிருந்து டார்ச் அடித்து ஒவ்வொன்றிலும் மருந்து மட்டம் பார்க்கிறேன்.

நடுவில் மனைவி வாசலில் நின்று, “என்னங்க, ஒரு நிமிஷம்” என்றாள். தட்டை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். கோபம்தான், இருக்கட்டும்.

மார்ச் 30

பெட்டிகளில் தேதி, மருந்து, குண்டு, பிரைமர் எல்லாம் எழுதி ஒட்டியாயிற்று. இவை என் துப்பாக்கிக்கு மட்டும், நண்பர்களுக்குக் கொடுப்பதில்லை.

“எவ்வளவு மிச்சமாச்சு?” என்று மனைவி கேட்டாள். ஒரு தோட்டாவுக்கு என்று பார்த்தால் மிச்சம் உண்மைதான். ஆனால் பிரஸ், டை, தராசு, டம்ளர் வாங்கிய காசு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று முன்னைவிட அதிகமாகச் சுடுகிறேன், அதையும் மறைக்க முடியாது. என் நேரத்துக்குக் கூலி போட்டால் கணக்கு அடியோடு படுத்துவிடும், அதனால் போடுவதில்லை. ஒரே நெம்பில் பல வேலை செய்யும் பெரிய பிரஸ் வேண்டும் என்று கை அரிக்கிறது. நான் சுடுகிற அளவுக்கு ஒற்றை பிரஸ்ஸே தாராளம், இந்த வருஷம் வாங்கப்போவதில்லை.