பரணில் நாலு பிள்ளைகள்

"இதைப் போய்க் காசு கொடுத்தா வாங்கினே? அட்டையை எலி கடிச்சிருக்கே" என்றாள் அம்மா.

எலி கடிக்கவில்லை. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடையில் கிடைத்த 'ஃபிளவர்ஸ் இன் தி அட்டிக்' அது. அமெரிக்க எழுத்தாளர் வி. சி. ஆண்ட்ரூஸின் நாவல். முதலில் வந்தது 1979-இல். முன்னட்டையில் ஜன்னல் மாதிரி ஓர் ஓட்டை வெட்டியிருப்பார்கள், அதற்குள் ஒரு பெண்ணின் முகம் தெரியும். அட்டையைத் திருப்பினால் நாலு பிள்ளைகளும், அவர்கள் தலைக்கு மேலே கவிந்து நிற்கும் பாட்டியும். பழுப்புக் காகிதம், பொடி எழுத்து, மழைக்கால வாசனை. இந்த மாதிரிப் புத்தகத்துக்கு நான் அடிமை. பெரிய பங்களா, பூட்டிய அறை, மூன்று தலைமுறைப் பாவம் என்று பின்னட்டையில் இருந்தால் போதும், விலைகூடக் கேட்க மாட்டேன்.

அம்மா பாட்டியின் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இவ என்ன பண்றா?" என்று கேட்டாள். அங்கேதான் ஆரம்பித்தது. அம்மா ஒரு காலத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தவள். அவளிடம் கதைச் சுருக்கமெல்லாம் செல்லாது. தினமும் காலையில் அவள் சின்ன வெங்காயம் உரிக்க, முந்தைய இரவு படித்ததை நான் ஒப்பிக்க வேண்டும் என்று ஏற்பாடானது.

கதை இதுதான். அப்பா பிறந்தநாள் அன்றே கார் விபத்தில் போய்விடுகிறார். கடன் கழுத்தை நெரிக்கிறது. அம்மாக்காரி நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வர்ஜீனியாவில் இருக்கும் பிறந்த வீட்டுக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் போகிறாள். அவள் கல்யாணத்தால் கோபமாகிச் சொத்து கிடையாது என்று சொல்லிவிட்ட தகப்பன் சாகக் கிடக்கிறான். பிள்ளைகள் இருப்பது தெரியாமல் அவன் மனதை மாற்றி உயிலைத் திருத்த வேண்டும். அதுவரை பிள்ளைகள் மேல்மாடி அறையிலும் அதற்கு மேலே கூரையடியிலும் அடைபட்டுக் கிடக்க வேண்டும். ஒரு ராத்திரிதான் என்கிறாள். அது மூன்று வருஷத்துக்கு மேல் நீள்கிறது.

"பரண்லயா? நாலு பிள்ளைங்களா? நம்ம பரண்ல கொலு பொம்மைப் பெட்டிக்கே இடம் இல்ல."

அந்த ஊர்க் கூரையடியில் சைக்கிளே ஓட்டலாம் என்று விளக்கினேன். அடுத்த கேள்வி குளியலறை பற்றி. அறையோடு சேர்ந்தே இருக்கிறது என்றதும் நிம்மதியானாள். துணி யார் துவைத்தார்கள், சாப்பாடு எப்படிப் போனது? கூடையில் வைத்துப் பாட்டி காலையில் கொண்டுவந்து தருவாள் என்றேன். "ஒரு வேளை சமைச்சு மூணு வேளைக்கா?" என்று அம்மா கொதித்தாள். பிள்ளைகளைப் பூட்டிவைத்ததற்குக்கூட அவ்வளவு கொதிக்கவில்லை.

அப்படி என்ன கல்யாணம் செய்துகொண்டாள் என்று கேட்டாள். தகப்பனுக்குத் தாய் வேறான தம்பி ஒருவன் உண்டு, அவனைத்தான் என்றேன்.

வெங்காயம் கையில் நின்றது. "சித்தப்பனையா? அப்ப அந்தக் கிழவன் கோபப்பட்டதுல தப்பே இல்ல. அம்மாவோட தம்பின்னா ஊரைக் கூட்டிப் பந்தல் போட்டிருக்கலாம்."

இந்த வகைக் கதைகளின் ருசியே இதில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பேய் வரும், புயல் வரும், எல்லாம் அலங்காரம். உள்ளே இருப்பது சொத்துத் தகராறு. இந்த வகைக்குக் கோதிக் நாவல் என்று பெயர். அதில் முதல் என்று சொல்லப்படும் 'தி காசில் ஆஃப் ஒட்ராண்டோ', ஹோரஸ் வால்போல் எழுதி 1764-இல் வந்தது, அதிலும் கோட்டை உண்மையில் யாருக்கு என்பதுதான் வழக்கு. கல்யாணத்தன்று வானத்திலிருந்து ராட்சத ஹெல்மெட் ஒன்று விழுந்து மாப்பிள்ளை நசுங்கிவிடுவான். "ஹெல்மெட் போடாம செத்தவங்க உண்டு. ஹெல்மெட்டாலயே செத்தவனை இப்பத்தான் கேள்விப்படறேன்" என்றாள் அம்மா.

நாவலைப் படிக்கப் போகிறவர்கள் இந்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளவும்.

பிள்ளைகளுக்கு வரும் கூடையில் திடீரென்று சர்க்கரைப் பொடி தூவிய டோனட் சேர்கிறது. ஒவ்வொருவராக நோயில் விழுகிறார்கள். கடைசிப் பையன் செத்தே போகிறான். டோனட்டில் ஆர்சனிக். "படுபாவிக் கிழவி" என்று அம்மா சாபம் விட்டாள்.

வீட்டுவேலைக்கு வந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா குழாயை மூடிவிட்டு எட்டிப் பார்த்தார். இத்தனை நாளும் அவர் கேட்டுக்கொண்டிருந்ததே எங்களுக்குத் தெரியாது. "பாட்டி இல்லம்மா. பாட்டிக்கு இதுல என்ன வரப்போகுது? கிழவர் செத்தாச்சா, அதைக் கேளுங்க முதல்ல."

கிழவர் செத்து மாதக்கணக்காகியிருக்கும். முதல் கல்யாணத்தில் பிள்ளை உண்டென்று தெரிந்தால் மகளுக்கு ஒரு சல்லிக்காசு கிடையாது என்று உயிலில் பின்குறிப்பும் இருக்கும். விஷம் பெற்ற தாயின் வேலை. நானூறு பக்கம் தாண்டித்தான் எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கு ஒரு குக்கர் விளக்கும் நேரம் போதுமானதாக இருந்தது.

அதுவரை செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த அப்பாவும் ஒரு நாள் சிக்கினார். ஆண்ட்ரூஸ் 1986-இல் இறந்தார். அப்புறமும் அவர் பெயரிலேயே நாவல்கள் வந்துகொண்டிருந்தன. ஆண்ட்ரூ நைடர்மேன் என்பவர் எழுதித் தந்தார். அந்தப் பெயரும் அவர் விட்டுப்போன சொத்துதான், அதற்கும் வரி கட்டுங்கள் என்று அமெரிக்க வரித்துறை கிளம்பி, 12 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புப் போட்டது. வழக்கு நடந்து 1994-இல் நீதிமன்றம் 7,03,500 டாலர் என்று தீர்த்தது. "செத்தவ பேருக்கா?" என்று அப்பா பேப்பரை மடித்து வைத்தார். இப்போது வெங்காயம் உரிக்க அவரும் உட்காருகிறார்.

போன வாரம் இரண்டாவது மாடிப் பெண்மணி என்னை லிஃப்டில் பிடித்துக்கொண்டார். "தாத்தா செத்தது அந்தப் பசங்களுக்கு எப்பங்க தெரியும்? எங்க வீட்ல இன்னும் டோனட்டே வரல." விசாரித்ததில், அக்கா வேலை பார்க்கும் வீடுகளிலெல்லாம் கதை ஓடிக்கொண்டிருக்கிறது, எங்களைவிட ரெண்டு நாள் பின்தங்கி. டோனட் அதிரசமாகியிருக்கிறது. நாவலில் பாட்டி அம்மாக்காரியைப் பெற்றவள். அக்காவின் கதையில் அவள் மாமியார். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

"பெத்தவ இப்படிப் பண்ணுவான்னா மூணாவது மாடியில நம்ப மாட்டேங்கறாங்க. மாமியார்னு சொன்னேன், உடனே காபி வந்துச்சு."